பேயைத் தேடி வரும் கேமரா

போனக்காட்டுக்குக் கேமராக்கள் வருவது பெரும்பாலும் பேயைத் தேடித்தான். திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியமலை அடிவாரத் தேயிலைத் தோட்டத்திலுள்ள அந்தப் பாழடைந்த பங்களா யூடியூபில் ஏகப் பிரபலம். மூடிய தொழிற்சாலையோ, லயங்களில் காலம் தள்ளிய தமிழ்த் தொழிலாளர்களோ அவ்வளவு சுவாரஸ்யம் இல்லை போலும்.

காட்டை அழிக்காமல் பிழைப்பது எப்படி என்பதை மட்டுமே பேசும் ஒரு சேனல் வந்தால்? அனுமதி வாங்கலாம். சிக்கல் வேறு இடத்தில். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குத் தெரிந்த வகை இரண்டே: செய்தி, செய்தி அல்லாதவை. சமையல், பக்தி, கார்ட்டூன், பசுமை எல்லாம் ஒரே கூடை. நிறுவனத்தின் நிகர மதிப்பு 5 கோடி ரூபாய் (செய்தி என்றால் 20 கோடி), உள்துறையின் பாதுகாப்பு ஒப்புதல் இருந்தால் 10 ஆண்டுகளுக்கு அனுமதி. பசுமை பேசி வந்த சேனல் மறு வருஷமே மெகா சீரியலுக்குத் தாவினாலும் அதே கூடைதான்.

கனடாவில் அப்படியில்லை. 'சிறப்பு' சேனல் எதைக் காட்ட வேண்டும் என்று உரிமத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். 2015இல் அவர்களும் பிடியைத் தளர்த்திவிட்டார்கள்.

அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995இல். அதற்கு வாடகை கேட்பதுபோல 2022 வழிகாட்டு நெறிகள் தினமும் 30 நிமிடம் கேட்கின்றன: விவசாயம், சுற்றுச்சூழல், கல்வி என்று எட்டுத் தலைப்புகள். அதையும் துண்டு துண்டாகக் காட்டலாம்.

அரசே 2015 மே 26இல் தொடங்கியது டிடி கிசான். அது பேசுவது பெரும்பாலும் ஹிந்தி. போனக்காட்டு லயங்களில் புழங்குவது தமிழும் மலையாளமும்.