பதினான்கு வயதில் ஒரு தீர்ப்பு

கணினி விளையாட்டுகளில் ‘அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்’ என்று ஒன்று உண்டு. அந்த விளையாட்டில் மட்டையைச் சுழற்றவோ பந்தை வீசவோ வேண்டியதில்லை. ஆடுபவர் ஓர் அணியின் மேலாளர். வீரர்களை வாங்குவது, விற்பது, வளர்ப்பது, விலக்குவது ஆகியவை அவரது வேலை. அதில் மிகக் கடினமான பகுதி, பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் இருபத்தாறு வயதில் என்னவாக இருப்பார் என்று கணிப்பதுதான்.

ஒவ்வொரு வீரருக்கும் இரண்டு மதிப்பீடுகள் தரப்படுகின்றன. ஒன்று இன்றைய திறன். மற்றொன்று அவர் எட்டக்கூடிய உச்சம். புதிதாக ஆடுவோர் இரண்டாவது எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்கின்றனர். உண்மையில் அது, அணி அமர்த்தியிருக்கும் ‘ஸ்கவுட்’ எனப்படும் திறன் தேடுபவரின் கருத்து மட்டுமே. அவர் திறமை குறைந்தவர் என்றாலோ, அந்தப் பணிக்கு ஒதுக்கப்படும் நிதி குறைவு என்றாலோ எண் பிசகும். கணிப்பு சரியாகவே இருந்தாலும் காயம், ஆட வாய்ப்பின்மை, சில வேளைகளில் வெறும் தற்செயல் ஆகியவற்றால் அந்த உச்சமே மாறிவிடும். ஆகவே, அனுபவம் உள்ளவர்கள் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. வீரர் தம்மைவிட மூத்தவர்களுக்கு எதிராக ஆடுகிறாரா, உழைக்கும் குணம் உள்ளவரா என்று பார்க்கின்றனர். ஒருவரையே நம்பியிராமல் பலரை வளர்க்கின்றனர்.

இவை கற்பனை விதிகள் அல்ல. அமெரிக்க பேஸ்பால் ஸ்கவுட்டுகள் 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் வீரர்களை மதிப்பிடுவது நெடுங்கால வழக்கம். 50 என்பது சராசரி. அந்தக் கண்களுக்கு பில்லி பீன் என்ற இளைஞர் எல்லா வகையிலும் நிறைவானவராகத் தெரிந்தார். 1980-இல் நியூயார்க் மெட்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. ஆனால், முதல்நிலை ஆட்டங்களில் அவர் அடித்தவை மூன்றே ஹோம் ரன்கள். மறுபுறம், 1988-இல் மைக் பியாட்சா 62-ஆவது சுற்றில்தான் தேர்வானார். அதுவும் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் மேலாளர் அவருடைய தந்தையின் நண்பர் என்பதால். அவர் 427 ஹோம் ரன்கள் அடித்து, 2016-இல் புகழ்மிக்கோர் வரிசையில் இடம்பெற்றார். பின்னாளில் ஓக்லாந்து அணியின் பொது மேலாளரான பீன், தோற்றத்தைப் பார்த்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை எதிர்த்தவராகப் பெயர்பெற்றதில் வியப்பில்லை.

பேஸ்பால் நம் ஊர்களில் வேரூன்றாத ஆட்டம். ஆனால், இதே கணிப்பை நாம் கிரிக்கெட்டில் ஒவ்வோர் ஆண்டும் செய்கிறோம். கணினியில் அல்ல, உயிருள்ள சிறுவர்கள்மீது.

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள பள்ளிப்பட்டை எடுத்துக்கொள்வோம். விசைத்தறிகள் நிறைந்த வட்டாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே டென்னிஸ் பந்தை வேகமாக வீசும் சிறுவன் ஒருவன் வயதுப் பிரிவு அணித் தேர்வுக்குச் செல்ல வேண்டுமானால், தோல் பந்து பழகியிருக்க வேண்டும். ஸ்பைக்ஸ் காலணி வாங்க வேண்டும். உடன் வரும் தந்தை ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். அத்தனையும் செய்து வரிசையில் நின்றால், வலைப்பயிற்சியில் அவனுக்குக் கிடைப்பவை சில பந்துகள். மாவட்டத்தின் மறுகோடியில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைத் தொழிலாளியின் மகனுக்கும் இதுவே நிலை. சென்னையின் அகாதெமிகளில் எட்டு வயது முதல் பயின்றவனும் அதே வரிசையில்தான் நிற்கிறான். தேர்வாளர் காண்பது திறமையையா, பயிற்சிக்குச் செலவிட்ட பணத்தையா என்பதைப் பிரித்தறிவது எளிதன்று.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜன், ஏறத்தாழ இருபது வயது வரை டென்னிஸ் பந்திலேயே ஆடியவர். 2015-இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமான கையோடு, அவர் பந்துவீசும் முறை குறித்துச் சந்தேகம் எழுப்பப்பட்டது. அத்துடன் முடிந்திருக்கக்கூடிய கதை, 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கால் மீண்டது. மறு ஆண்டே ஐ.பி.எல். ஏலத்தில் அவரது விலை 10 லட்சத்தில் தொடங்கி 3 கோடி ரூபாயை எட்டியது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வலைப்பந்துவீச்சாளராகச் சென்று, மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய வருண் சக்கரவர்த்தி, ஒருநாள் சர்வதேசப் போட்டியில் களமிறங்கியபோது அவருக்கு 33 வயது. பதினான்கு வயதில் இவ்விருவரின் உச்சத்தையும் எந்த ஸ்கவுட் எழுதியிருப்பார்?

இந்திய கிரிக்கெட் வாரியம் 2002-இல் திறன்வள மேம்பாட்டுப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தி, சிறு நகரங்களுக்கு ஆட்களை அனுப்பியது. அப்படி அனுப்பப்பட்ட வங்காள முன்னாள் வீரர் பிரகாஷ் போத்தார், ஜாம்ஷெட்பூரில் கண்டு பரிந்துரைத்தவர்தாம் மகேந்திர சிங் தோனி. திட்டத்தின் வயது வரம்பு 19. தோனி அதைக் கடந்திருந்தார். பிரிவின் தலைவராக இருந்த திலீப் வெங்சர்க்கார் விதியைத் தளர்த்தினார். தளர்த்தாமல் விட்டிருந்தால் அதை எவரும் குறை கூறியிருக்கவும் முடியாது.

வயது வரம்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. நம் வயதுப் பிரிவுகளுக்குச் செப்டம்பர் 1 கணக்குத் தேதி. செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகின்றனர். பதினான்கு வயதில் பதினொரு மாத இடைவெளி என்பது பல அங்குல உயரம்; பந்தின் வேகத்திலும் அது தெரியும். தேர்வானவனுக்குப் பயிற்சியும் ஆட்டங்களும் கிடைப்பதால் இடைவெளி மேலும் விரிகிறது. பிறகு அது திறமையாகவே தோற்றமளிக்கிறது. (பள்ளியில் சேர்க்கும் வசதிக்காகப் பிள்ளைகள் அனைவரையும் மே, ஜூனில் பிறக்கச் செய்த நம் பழைய வழக்கம் வேறு.) எலும்பு வயதுச் சோதனை மோசடியைத் தடுக்கலாம், முன்னதாக வளர்ந்தவனுக்கு நேர்மையான வழியிலேயே கிடைக்கும் இந்தச் சலுகையை அது தொடுவதில்லை.

எனவே, கணிப்பைக் கைவிட முடியாது. அதைத் திருத்த இடம் வைக்கலாம். ஒரே நாள் வலைப்பயிற்சிக்குப் பதிலாக, இரண்டு பருவங்களின் ஆட்டங்களைப் பார்த்து எழுதிய குறிப்புகள் வேண்டும். பிறந்த மாதத்தையும், தோல் பந்தில் பழகிய ஆண்டுகளையும் மதிப்பெண்ணுக்கு அருகில் குறித்துவைக்க வேண்டும். முகாம்களில் சில இடங்களைப் பதினேழு, பதினெட்டு வயதில் புதிதாக வருவோருக்கென ஒதுக்க வேண்டும். தேர்வாளர் ஆண்டுக்கு இரு முறை பள்ளிப்பட்டுக்கு வந்து போகும் செலவு, அங்கிருந்து நூறு சிறுவர்கள் சென்னைக்கு வரும் செலவைவிடக் குறைவே. விலக்கப்படும் சிறுவனிடம் எது குறைந்தது, மறுபடி எப்போது வரலாம் என்ற இரண்டு வரிகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதற்குச் செலவே இல்லை. தேர்வானவர்களின் பெயர்ப் பட்டியலை ஒட்டுவதோடு கடமை முடிந்ததாகக் கருதும் சங்கங்கள், அதிலிருந்தேனும் தொடங்கலாம்.