எந்தக் கொம்பனி ட்ரான்ஸ்மிட்டர்? மகளோடு விமானம் விடப் போன கதை

மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு ரிமோட் விமானம் வாங்கிக் கொடுத்தோம். விமானம், பற்றரி, சார்ஜர், ரிமோட் எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்தது. மூன்றாம் நாளே பின்வளவு மேப்பிள் மரத்தில் மாட்டி இறக்கை முறிந்தது. சரி, வேறொரு விமானம் வாங்கி இதே ரிமோட்டால் விடுவோம் என்று பார்த்தால், அது முடியாதாம். அந்த ரிமோட் அந்த ஒரு விமானத்தோடு மட்டும்தான் பேசும். விமானத்தோடு சேர்ந்து ரிமோட்டும் குப்பைக்குப் போனது.

"அப்பா, நீங்க சொஃப்ட்வெயார் எஞ்சினியர்தானே? அதை மாத்தேலாதா?" என்று பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் கேட்டாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அன்றிரவே எக்செல் திறந்து உட்கார்ந்தேன். இந்த முறை விமானத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் நல்ல ட்ரான்ஸ்மிட்டர் ஒன்றைத் தெரிவோம் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு சரி. தெரிந்த விதம்தான் பிழை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் பிள்ளைகளை ஐபாட்டிலிருந்து இழுத்து வெளியில் கொண்டுபோக வழி தேடும் பெற்றோருக்கு உதவலாம்.

ஒரே அலை, வேறு வேறு பாஷை

கையில் பிடிப்பது ட்ரான்ஸ்மிட்டர். விமானத்துக்குள் நெருப்புப்பெட்டி அளவில் இருப்பது ரிசீவர். இரண்டையும் முதலில் ஒன்றோடொன்று சோடி சேர்க்க வேண்டும். இன்று விற்பவை பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில்தான் வேலை செய்கின்றன. வீட்டு வைஃபைக்கும் அதே அலைதான். ஆனால் கொம்பனிக்குக் கொம்பனி பாஷை வேறு. ஸ்பெக்ட்ரத்தின் ரிசீவர், ஃபுட்டாபாவின் ட்ரான்ஸ்மிட்டர் சொல்வதைக் கேட்காது.

முந்தி நிலைமை வேறு மாதிரி இருந்தது. வட அமெரிக்காவில் 72 மெகாஹேர்ட்ஸில் விமானம் விட 50 சனல்கள் இருந்தன. ஒரே சனலில் இரண்டு பேர் ட்ரான்ஸ்மிட்டரைப் போட்டால் பறக்கிற விமானம் விழும். அதனால் திடலில் ஒரு பலகை வைத்து, உடுப்புக் காயப்போடும் கிளிப்பில் சனல் எண் எழுதி மாட்டுவார்கள். கிளிப் கையில் இருப்பவர் மட்டும்தான் அந்தச் சனலில் பறக்கலாம். 2000களின் நடுப்பகுதியில் 2.4 கிகாஹேர்ட்ஸ் செட்டுகள் வந்த பிறகுதான் அந்தப் பயம் போனது. ஒருவருடைய செட் மற்றவருடையதைக் குழப்பாமல் பலர் ஒன்றாகப் பறக்க முடிந்தது. ஆனால் அதோடு ஒவ்வொரு கொம்பனியும் தன் பாஷையைப் பூட்டி வைத்துக்கொண்டது.

விமானங்கள் வரும், முறியும், போகும். ட்ரான்ஸ்மிட்டர் பத்து வருசமும் கையில் இருக்கும். முதலில் எந்தக் கொம்பனிக்குள் போகிறீர்களோ, பிறகு வாங்கும் ரிசீவர்களும் அநேகமாக அதற்குள்தான்.

எது எப்படி?

ஸ்பெக்ட்ரம், அமெரிக்காவின் ஹொரைசன் ஹொபி என்ற நிறுவனத்துடையது. அதே நிறுவனம் விற்கும் பல விமானங்கள் ஸ்பெக்ட்ரம் ரிசீவர் பூட்டியே வரும். சோடி சேர்த்துப் பற்றரி போட்டால் பறக்கலாம். புதிதாகத் தொடங்கும் குடும்பத்துக்கு இது பெரிய சுகம். ரிசீவரைத் தனியாக வாங்கும்போதுதான் காசு கடிக்கும்.

ஃபுட்டாபா, ஜப்பான்காரருடையது. ஜெட், போட்டி விமானம் என்று விலை கூடிய மாதிரிகள் விடுகிறவர்களிடம் அதற்குப் பழைய மதிப்பு உண்டு. அதன் ரிசீவரும் மலிவில்லை.

ஃப்ளைஸ்கை, குறைந்த காசில் தொடங்க நினைப்பவருக்கு. சாதாரண பயிற்சி விமானத்துக்குத் தாராளமாகப் போதும்.

ரேடியோமாஸ்டர் என்னைப் போன்றவர்களைக் கவர்கிற சாமான். உள்ளே ஓடுவது எட்ஜ்டிஎக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருள். நான்கு வகைச் சிப் உள்ள மொடியூலோடு வரும் செட், பல கொம்பனிகளின் பாஷையையும் பேசும். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற திறந்த மூல முறையில் தூரமும் அதிகம், தாமதமும் குறைவு, ரிசீவரும் மலிவு. ஆனால் எல்லாவற்றையும் மாற்றலாம் என்றால் எல்லாவற்றையும் பிழையாகவும் மாற்றலாம்.

எதை வாங்கினாலும் இரண்டு விசயம் கவனியுங்கள். ஒன்று, 'மோட் 2'. இடது ஸ்டிக்கில் வேகம் இருக்கும் அமைப்பு அது. கனடாவில் பெரும்பாலானோர் பறப்பது அதில்தான். இரண்டு, வெளிநாட்டுத் தளங்களில் வாங்கினால் ஐரோப்பாவுக்கான பதிப்பை விட்டு வட அமெரிக்கப் பதிப்பைக் கேளுங்கள்.

என் அட்டவணை சொல்லாதது

பதினான்கு வரிசை போட்டு மார்க் கொடுத்து, ஆகக் கூடிய புள்ளி எடுத்ததை வாங்கினேன். எதை என்று சொல்லவில்லை, ஏனென்றால் பிழை அதில் இல்லை. இரண்டு கிழமை இரவிரவாக மெனுக்களோடு மல்லுக்கட்டினேன். பிறகு ஒரு சனிக்கிழமை மகளையும் என் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு, நகருக்கு வெளியே உள்ள ஒரு கழகத் திடலுக்குப் போனேன்.

அங்கே எழுபது தாண்டிய ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் செட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான். ஆனா இதுக்குள்ள என்ன செய்திருக்கிறீர் எண்டு எனக்கு விளங்காது. என்ர செட்டோட கொழுவவும் ஏலாது" என்றார். பயிற்சி தரும்போது இரண்டு ட்ரான்ஸ்மிட்டர்களை இணைப்பார்கள். ஆசிரியர் சுவிட்சை அழுத்தியிருக்கும்வரை விமானம் பிள்ளையின் கையில். பிள்ளை தடுமாறினால் அவர் சுவிட்சை விடுவார், விமானம் அவர் கைக்கு வந்துவிடும். என் செட்டையும் அவருடையதையும் அப்படி இணைக்க அன்று வழி இருக்கவில்லை.

ஆனாலும் எனக்கு அவசரம். நானே விடுகிறேன் என்றேன். விமானம் தரையை விட்டு எழும்பியதும் இடப்பக்கம் சரிந்தது. வலப்பக்கம் தள்ளினேன். இன்னும் இடப்பக்கம் சரிந்தது. இறக்கைத் தகடுகள் எதிர்த்திசையில் அசையும்படி மெனுவில் நானே மாற்றி வைத்திருந்தேன். எழும்ப முதல் சரிபார்க்கவும் இல்லை. சுழலும் காற்றாடியோடு விமானம் எங்கள் பக்கம் திரும்பி, மகள் நின்ற இடத்திலிருந்து பத்தடி தள்ளி மண்ணில் குத்தியது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் அழவும் இல்லை. எனக்குத்தான் கை நடுங்கியது.

அப்பா யாழ்ப்பாணத்தில் பட்டம் கட்டி ஏற்றியவர். வல்வெட்டித்துறைப் பொங்கல் பட்டப்போட்டி பற்றி இன்றும் விடிய விடியக் கதைப்பார். அவர் என்னைத் திட்டவில்லை. மெல்லக் கேட்டார்: "தம்பி, பட்டத்துக்கு நூல் இருக்கு. இதுக்கு நூல் அறுந்தா எங்க போகும்?"

பதினான்கு வரிசையில் ஒன்றுகூட அந்தக் கேள்விக்கு இல்லை. ஆசிரியர் அதற்குப் பதிலைச் செய்தே காட்டினார். சிக்னல் போனால் மோட்டர் தானாக நிற்கும்படி ரிசீவரில் முன்கூட்டியே வைக்க வேண்டும். காற்றாடியைக் கழற்றிவிட்டு ட்ரான்ஸ்மிட்டரை நிறுத்திப் பார்த்தால் மோட்டர் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு ட்ரான்ஸ்மிட்டரின் சக்தியைக் குறைத்து, முப்பது எட்டுத் தள்ளி நின்று, தகடுகள் சரியான பக்கம் அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். இது எந்தக் கொம்பனிக்கும் பொது.

சட்டமும் இடமும்

கனடாச் சட்டத்துக்கு ரிமோட் விமானமும் ட்ரோன்தான். 2019 ஜூன் 1 முதல், 250 கிராமிலிருந்து 25 கிலோ வரையானதைப் பதிய வேண்டும், விடுபவருக்குச் சான்றிதழ் வேண்டும். அடிப்படைச் சான்றிதழுக்கு இணையத்தில் 35 கேள்விகள், 65 வீதம் எடுத்தால் சித்தி. அதற்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்த பிள்ளைகள் சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வையில் விடலாம். உயரம் 122 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. அடிப்படைச் சான்றிதழோடு விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் போகவும் முடியாது. ரூஜ் தேசியப் பூங்காவும் அனுமதியில்லாமல் கூடாது. ரொறன்ரோவில் பக்கத்துப் பார்க்கில் போய் விடுவோம் என்று நினைக்காதீர்கள்.

அதனால் கழகத் திடல்தான் நல்லது. 'மாக்' எனப்படும் கனடா மாதிரி விமானச் சங்கத்தில் சேர்ந்தால் காப்புறுதியும் வரும். அதன் கழகங்களில் விதிகள் கொஞ்சம் வேறுபடலாம், அங்கேயே கேளுங்கள்.

கடைசியில் வாங்கியது

இரண்டாவது தடவையும் செலவா என்று வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது. அம்மாதான் காப்பாற்றினார். அஜித்குமாருக்கும் இந்தப் பொழுதுபோக்கு இருக்கிறது, 2018இல் சென்னை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா மாணவர் குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்தார் என்று சொன்னேன். "அஜித்தே செய்யிறாரெண்டா பிள்ளையும் செய்யட்டும்" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மகளுக்கு ஸ்பெக்ட்ரத்தின் சிறிய செட் ஒன்று வாங்கினோம். காரணம் ஒன்றே ஒன்று: அந்த ஆசிரியர் கையில் இருப்பது ஸ்பெக்ட்ரம். அவர் கையில் ஃபுட்டாபா இருந்திருந்தால் ஃபுட்டாபா வாங்கியிருப்போம். என் பழைய செட் இப்போது கணினியில் கொழுவப்பட்டு சிமுலேற்றருக்கு உதவுகிறது. மழை நாளில் அதில் எத்தனை முறை விழுத்தினாலும் காசில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை மகள் திடலைச் சுற்றி ஒரு முழு வட்டம் போட்டாள். முடிந்ததும் ஆசிரியர் தன் செட்டை என்னிடம் காட்டினார். சுவிட்சில் இருந்த விரல் வட்டம் முடியும்வரை எழும்பவே இல்லையாம். அவள் அதைக் கவனிக்கவில்லை, விமானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவும் நெற்றியில் கை வைத்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே என் யோசனை இதுதான். ட்ரான்ஸ்மிட்டர் வாங்க முதல் ஒரு சனிக்கிழமை வெறுங்கையோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போங்கோ. பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுப்பார் என்று பாருங்கோ. அவர் கையில் என்ன கொம்பனி இருக்கிறதோ, அதை வாங்குங்கோ.