அணு சொல்லும் மணி

நம் ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தை அறியாதார் நம்மில் இலர். 1986-இல் அங்குத் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். தொலைநோக்கிக்குத் துணை நிற்கும் கடிகாரத்தையோ எவரும் கண்டுகொள்வதில்லை. ஆகவே நாங்கள் அதைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை நெருங்கி வந்தது. காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் நோக்கியவர்கள், அவ்விண்மீன் சுமார் 9 விநாடி மங்கி மீண்டதைப் பதிவு செய்தனர். இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானமும் இத்தகைய மங்கல்களைக் கண்டது. பல இடங்களில் குறித்த நேரங்களை ஒப்பிட்டபோதுதான் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது தெளிவாயிற்று. கடிகாரங்கள் ஒத்துப்போகாவிடில் ஒப்பிடுவது எங்ஙனம்?

முன்னாளில் விண்மீன்களைப் பார்த்தே மணியைக் கணித்தனர். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வகம் அவ்வாறு கணித்த நேரப்படியே ஒரு காலத்தில் இரயில்கள் ஓடின. ஆனால் பூமி முற்றிலும் சீராகச் சுழல்வதில்லை! எனவே 1967-இல் விநாடிக்குப் புதிய இலக்கணம் வகுத்தனர். சீசியம் அணு உமிழும் ஒருவகை அலை 919,26,31,770 முறை அதிர்வதற்கு ஆகும் நேரமே ஒரு விநாடி. ஊசல் தேயும், அணு தேயாது. தில்லியிலுள்ள சீசியம் அணுவும் பாரிஸிலுள்ளதும் ஒன்றே.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. சாதாரண வெப்பத்தில் சீசியம் அணு விநாடிக்குச் சுமார் 200 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. ஓடும் குழந்தைக்கு அளவெடுக்கத் தையற்காரர் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள்! அணுவை எப்படி நிறுத்துவது? லேசர் ஒளியால்தான். சைக்கிளில் போகும்போது எதிர்க்காற்று நம்மைத் தடுப்பதுபோல், எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் ஒளி அணுவைத் தள்ளித் தள்ளி வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்தால் குளிர்ச்சிதானே! சுழியத்திற்குக் கீழ் 273 பாகையை ஏறத்தாழத் தொட்டுவிடும் குளிர்ச்சி அது. சூடாக்கும் என்று நாம் நினைக்கும் ஒளியே குளிர்விப்பது எங்களுக்குப் பெரும் வியப்பாக இருந்தது. இம்முறைக்காக மூவருக்கு 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வாறு குளிர்ந்த அணுக்களை நீரூற்றுப்போல் மேலே எறிந்து, அவை விழுவதற்குள் அளக்கும் கடிகாரத்தைத் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் அமைத்துள்ளது.

இப்போது நம் மலைக்கு வருவோம். புவியீர்ப்பு மிகுந்த இடத்தில் காலம் மெதுவாகச் செல்லும் என்றார் ஐன்ஸ்டீன். காவலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். கணக்கிட்டுப் பார்த்தோம்: இங்குள்ள கடிகாரம் சென்னைக் கடற்கரைக் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு, விநாடியை நூறு கோடியாகப் பகுத்தால் 7 பங்கு முந்துகிறது. எழுபது ஆண்டு இங்கு வாழ்ந்த பாட்டியார்க்கு விநாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்குகூட வயது கூடிவிடாது, அஞ்ச வேண்டா! ஆனால் அந்த 7 பங்கு நேரத்தில் ஒளி 2 மீட்டர் சென்றுவிடும். செயற்கைக்கோள்கள் ஒளி வரும் நேரத்தைக் கொண்டே இடத்தைக் காட்டுவதால் இப்பிழையைச் சிறிதென்று தள்ள இயலாது. நம் நாட்டு முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோளில், வெளிநாட்டில் வாங்கிய மூன்று அணுக்கடிகாரங்களும் பழுதாயின. 2023 மே 29 அன்று ஏவிய செயற்கைக்கோளில் நம்மவரே செய்த ருபீடியம் கடிகாரம் சென்றது.

இன்று சீசியத்தையும் விஞ்சும் கடிகாரங்கள் வந்துள்ளன. குளிர்ந்த ஸ்ட்ரான்சியம் அணுவின் ஒளியலை விநாடிக்குச் சுமார் 429 இலட்சம் கோடி முறை அதிர்கிறது. 2022-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய அணுத்திரளில், ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்குள்ளேயே காலம் மாறுபடுவதை அளந்து காட்டினர். புனே நகரிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு ஒன்றும் ஸ்ட்ரான்சியத்தைக் குளிர்வித்து ஆய்ந்து வருகிறது. அத்தகைய கடிகாரம் ஒன்றைக் காவலூரிலும் மற்றொன்றைச் சென்னையிலும் வைத்து இணைத்தால், அளவுகோலே இல்லாமல் நம் மலையின் உயரத்தைச் சொல்லிவிடலாம்.