வெள்ளம் வருமுன் சபையிடம் கேளுங்கள்

வெள்ளம் வந்தால் எமது மக்கள் முதலில் தேடுவது கிராம உத்தியோகத்தரை, அடுத்தது பள்ளிவாசலை. நகர சபையோ பிரதேச சபையோ எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டால் மட்டும் சபை உறுப்பினரின் வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடிக்கிறோம். ஆனால் அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர் அவரல்ல. யாரிடம் எதைக் கேட்பது என்ற தெளிவு இல்லாததால், கேட்க வேண்டியதைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம் என்பது என் கருத்து.

2004 சுனாமிக்குப் பிறகு, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதன் கீழ் உருவான அனர்த்த முகாமைத்துவ நிலையம் மாவட்டச் செயலகங்களுடன் சேர்ந்து இயங்குகிறது. இடைத்தங்கல் முகாம், உலர் உணவு, சேத மதிப்பீடு, நட்டஈடு எல்லாம் மாவட்டச் செயலாளர், பிரதேச செயலாளர், கிராம உத்தியோகத்தர் என்ற வரிசையில்தான் நகரும். டித்வா புயலுக்குப் பின் வீடு துப்புரவு செய்ய அறிவிக்கப்பட்ட 25,000 ரூபாவும் இந்த வழியில் வந்ததுதான்.

அப்படியானால் சபைக்கு என்ன வேலை? தண்ணீர் வருவதற்கு முன்னரும், வடிந்த பின்னரும் உள்ள வேலை. வடிகான், உள்வீதி, சிறு மதகு, குப்பை, மலசலகூடக் குழி, கட்டட அனுமதி ஆகியவை சபையின் கையில் இருக்கின்றன.

திருகோணமலை மாவட்டத்தில் இது சிறிய விடயமல்ல. மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் கடலைச் சேர்கிறது. மலையகத்தில் பெய்த மழை, இங்கே வெயில் எறிக்கும்போதும் எம்மை வந்தடையும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவு கொண்டது. அந்த நாட்களில் மாவிலாறு அணைக்கட்டும் உடைப்பெடுக்க, மூதூர், சேருவில, வெருகல் பகுதிகள் நீரில் மூழ்கின. அணையைப் பாதுகாப்பது சபையின் வேலையல்ல. அது நீர்ப்பாசனத் துறையினருடையது. ஆனால் ஊருக்குள் புகுந்த நீர் இரண்டு நாளில் வடியுமா, பத்து நாள் நிற்குமா என்பதில் எமது வடிகான்களுக்குப் பெரும் பங்குண்டு. அடைபட்ட ஒரு மதகும், தாழ்ந்த காணியில் மண் நிரப்பிக் கட்டிய ஒரு மதிலும் ஒரு தெருவையே குளமாக்கப் போதும்.

நீர் நிற்கும் ஒவ்வொரு நாளும் மலசலகூடக் குழியின் அழுக்கு கிணற்றில் கலக்கிறது. பள்ளிவாசல் சோறு சமைத்துக் கொடுக்கும். இளைஞர்கள் படகில் ஆட்களை ஏற்றுவார்கள். ஆனால் கழிவகற்றும் பவுசரும் பெக்கோ இயந்திரமும் குப்பை உழவு இயந்திரமும் ஜமாஅத்திடம் இல்லை. அவற்றை உரிய நேரத்தில் இறக்க வேண்டியது சபை.

சபைகளின் நிலையையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த பின், 2025 மே 6 தேர்தல் வரை தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்களே இருக்கவில்லை. பதவியேற்று ஆறு மாதம் ஆகுமுன்னே டித்வா வந்துவிட்டது. வருமானமும் குறைவு. வரியை உரிய காலத்தில் கட்டாத நாமும் அதில் பங்காளிகள்.

இன்னொரு சிக்கல் காலக்கணக்கு. வரவு செலவுத் திட்டம் வருட இறுதியில் நிறைவேறுகிறது. வடகீழ்ப் பருவமழையும் அப்போதுதான் கொட்டுகிறது. மழையைக் கண்டு ஒதுக்கும் பணம் அடுத்த வருடத்துக்கே உதவும். வடிகான் வேலை செப்டெம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும்.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகங்களும் மாதர் சங்கங்களும் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, தமது பகுதியில் நீர் தேங்கும் இடங்களையும் அடைபட்ட மதகுகளையும் வரைபடமாக்கி, ஜூலைக்குள் தவிசாளரிடம் எழுத்தில் கொடுப்பது. இரண்டாவது, வரவு செலவுத் திட்ட வரைவைப் பார்வையிட்டு, வடிகானுக்கும் அவசர வேலைக்கும் எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது என்று கேட்பது. மூன்றாவது, பிரதேச சபைக் குழுக்களில் ஊர்மக்களையும் சேர்த்துக்கொள்ள 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. அந்த இடத்தைக் கேட்டுப் பெறுவது. தண்ணீர் இறைத்துக் களைத்த பெண்களுக்கும் அதில் இடம் வேண்டும். எந்தக் கிணறு முதலில் கெடும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.