பூனை ஒதுங்கும் இடம்

விதை வெங்காயம் கட்டித் தூக்கிய வீட்டில் எலி வராமல் இராது. நெல் மூட்டை, ஆட்டுக்கு வைத்த தவிடு, புண்ணாக்கு என்று எலிக்கு வேண்டிய எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும் கமக்கார வீட்டில் பூனை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அது இரவில் அடுப்படியில் படுக்கும், விடியற்புறம் வேலிக்குள்ளால் நுழைந்து போகும், வெயில் ஏறத் திண்ணைக்கு வரும். வீடும் அதற்குச் சொந்தம், வளவும் அதற்குச் சொந்தம். அது எங்கே வெளிக்குப் போகிறது என்பதை மட்டும் நாம் அதிகம் யோசிப்பதில்லை. மிளகாய் நாற்றுமேடையைக் கிளறி வைத்த காலையில்தான் கோபம் வருகிறது.

கிளறுவது குறும்பு அல்ல. வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்காசியாவிலும் வட ஆபிரிக்காவிலும் வாழும் காட்டுப்பூனை என்பதை 2007 இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சைப்பிரஸ் தீவில் ஒரு மனிதரின் அருகே புதைக்கப்பட்டிருந்த பூனையின் எலும்புக்கூடு ஏறக்குறைய 9,500 ஆண்டுகள் பழையது. மனிதன் பயிர் செய்து தானியம் சேர்த்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. வறண்ட நிலத்துப் பிராணி ஆனபடியால், காய்ந்த பொருபொருத்த மண்ணில் குழி பறித்து, இருந்து, மணந்து பார்த்து மூடுவது அதன் உடம்போடு வந்த பழக்கம். பிறந்து மூன்று கிழமை வரை தாய் நக்கிவிட்டால்தான் குட்டி வெளிக்குப் போகும். கழிவையும் தாயே உண்டு படுக்கையைச் சுத்தமாக வைத்திருக்கும். நான்காம் கிழமையளவில் குட்டி தானாகவே மண்ணைப் பிறாண்டத் தொடங்கும். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நாம் கொடுக்க வேண்டியது மண் மட்டுமே.

இனி எமது நாற்றுமேடையைப் பாருங்கள். செம்மண்ணைக் கொத்தி, கல்லுப் பொறுக்கி, மக்கிய எருவும் சாம்பலும் கலந்து, கையால் நுணுக்கி மட்டப்படுத்தி வைக்கிறோம். பூனையை நினைத்தே செய்திருந்தாலும் இதைவிடத் திறமாகச் செய்திருக்க முடியாது!

உள்ளேயும் வெளியேயும் போய்வரும் பூனை, கதவு திறந்திருந்தால் பெரும்பாலும் வெளியேதான் போகும். அது வீட்டுக்குள் இருந்துவிட்டால் அதற்குக் காரணம் இருக்கும். மாரியில் நிலம் சேறாகும். ஈர மண் காலில் ஒட்டுவதைப் பூனை விரும்பாது. படலையடியில் புதிய நாய் ஒன்று கட்டப்பட்டிருக்கலாம். பக்கத்து வளவுக் கடுவன் அடித்துத் துரத்தியிருக்கலாம். அப்போது அது காய்ந்த இடம் தேடும். கட்டிலுக்குக் கீழ், உமி கொட்டிய மூலை, அழுக்குத் துணிக் குவியல் இவற்றையெல்லாம் விட அதற்குப் பிடித்தது அடுப்படிச் சாம்பல்.

இந்தச் சாம்பலைப் பற்றி நாம் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அந்தச் சாம்பலைத்தான் சட்டி பானை தேய்க்க எடுக்கிறோம். அதையே கத்தரிக்கும் பூசணிக்கும் பூச்சிக்குத் தூவுகிறோம். பூனை மூடிவிட்டுப் போனது மேலே தெரியாது. ஆகவே சாம்பலைத் தகரத்திலோ மண்பானையிலோ அள்ளி மூடி வையுங்கள். சாம்பல் பூனைக்குப் பிடிக்கும் என்பது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய செய்தியும் அல்ல. அமெரிக்காவிலும் வீட்டுக்குள் பூனை வளர்த்தோர் ஒரு காலம் வரை மணலையும் சாம்பலையுமே பெட்டியில் இட்டுவந்தனர். சாம்பற் கால்தடம் வீடெல்லாம் பதிந்தது. 1947 இல் மிச்சிகன் மாநிலத்தில் எட்வேட் லோ என்பவர் ஈரத்தை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணை அதற்குப் பதிலாகக் கொடுத்தார். அது பின்னர் பெரும் வியாபாரமாயிற்று. எமக்கு அந்தக் களிமண் தேவையில்லை.

சொந்த வளவில் இருந்தபோது இது ஒரு பிரச்சினையாகவே தெரிந்திராது. பத்துப் பரப்புக் காணியில் பூனை எங்கே போனால் என்ன? 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் எழுந்து போன பின் நிலைமை வேறாயிற்று. நலன்புரி நிலையத்தில் ஒரு கொட்டிலுக்கும் அடுத்த கொட்டிலுக்கும் இடையே இரண்டு முழம். அதில் யாரோ ஒருவர் நட்ட பத்துக் கீரை. பூனை அங்கேதான் போகும், வேறு மண் இல்லை. பூனையால் தொடங்கிய பேச்சு ஊர்ச் சண்டையாக முடியக்கூடிய இடம் அது. 2009 க்குப் பின் கட்டங்கட்டமாகக் காணிகள் விடுபட, பற்றை வெட்டித் துப்புரவாக்கிய பரப்பில் முதன்முதல் கொத்திய பாத்திதான் சுற்றுவட்டாரப் பூனைகளுக்கெல்லாம் கிடைத்த முதல் நல்ல மண்ணும் ஆயிற்று.

பூனைக் கழிவில் நாம் கவனிக்க வேண்டியது மணத்தை அல்ல. ரொக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் 1908 இல் கண்டறியப்பட்டது. அது பூனையின் குடலில்தான் இனப்பெருக்கம் செய்து முட்டை போன்ற உறைகளாக வெளியேறுகிறது என்பது 1970 அளவிலேயே தெளிவாயிற்று. எலியையோ குருவியையோ பிடித்துத் தின்று முதன்முதல் தொற்றுப் பெறும் பூனை, பெரும்பாலும் இளம் பூனை, ஒன்று முதல் மூன்று கிழமை வரை இலட்சக்கணக்கான உறைகளை வெளியேற்றும். பின்பு பொதுவாக நின்றுவிடும். அன்று போன கழிவு தொற்றாது. மண்ணில் ஒன்று முதல் ஐந்து நாள் கிடந்தால்தான் உறை முதிரும். ஆகவே அன்றன்று அள்ளிப் புதைப்பவருக்குப் பயம் குறைவு. முதிர்ந்த பின் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

சுகதேகிக்கு இது பெரும்பாலும் தெரியாமலே வந்து போகும். கர்ப்பகாலத்தில் முதன்முதலாகத் தொற்றினால்தான் வயிற்றுப் பிள்ளையின் கண்ணுக்கும் மூளைக்கும் கேடு, சிலவேளை கருவே சிதையும். அதற்காகக் கர்ப்பிணி இருக்கும் வீட்டுப் பூனையைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விடுவது நியாயமும் அல்ல, பயனும் இல்லை. பூனையைத் தடவுவதால் தொற்றுவது அரிது. வாய்க்குள் போகும் மண், சரியாக வேகாத இறைச்சி, கழுவாத பச்சைக் கீரை இவைதான் வழி. எமது வீடுகளில் வல்லாரையைப் பச்சையாகவே சம்பல் போடுகிறோம். தரையோடு படரும் கீரை அது. பலமுறை நீர் மாற்றி, இலை இலையாகக் கழுவ வேண்டும். கர்ப்பிணிகள் அதை வேகவைத்து உண்பதே நல்லது. அவர்கள் களை பிடுங்கினால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். பூனைக் கழிவு அள்ளும் வேலையை வீட்டு ஆண்கள் பார்க்கட்டும்.

ஆடு வளர்ப்போருக்கும் இதில் பங்கு உண்டு. சினை ஆடு குட்டியைக் காய்விழுத்தினால் கண்ணூறு என்கிறோம், பனி என்கிறோம். அதற்குள்ள காரணங்களில் ரொக்சோபிளாஸ்மாவும் ஒன்று. வைக்கோற் போரிலும் தவிட்டுச் சாக்கிலும் பூனை குட்டி போட்டு அங்கேயே வெளிக்கும் போனால், ஆட்டின் தீனியோடு அது உள்ளே போகும். தீனியை மூடி வையுங்கள். விழுந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல் ஆழப் புதையுங்கள். கர்ப்பிணிகள் அப்பக்கம் போகவே வேண்டாம்.

இலங்கையின் பெயரையே தாங்கிய கொக்கிப்புழு ஒன்றும் உண்டு. அன்கைலோஸ்ரோமா சிலானிக்கம் என்ற அது 1911 இல் இத்தீவின் மரநாய் ஒன்றிலிருந்து விபரிக்கப்பட்டது. பூனையிலும் நாயிலும் வாழும். ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியே மனிதரிடமும் ஏறும். கோடிப்புறம் போகும் பிள்ளைகளுக்குச் செருப்பு வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

கிணற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவின் விக்ரோரியா நகரில் 1995 இல் குடிநீர் வழியாக ரொக்சோபிளாஸ்மா பரவி, நூறு பேரளவில் நோய் கண்டறியப்பட்டது. நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த பூனையினங்களின் கழிவே காரணம் எனக் கருதப்பட்டது. எங்கள் குடாநாட்டில் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடாக மழைநீர் விரைவில் கீழிறங்கும். கிணற்றுக்குக் குளோரின் இடுவது பல நோய்க்கு நல்லது, ஆனால் இந்த உறை குளோரினுக்குச் சாகாது, கொதிக்கவைத்தால் சாகும். கிணற்றடியில் பூனைக் கழிவைப் புதைக்க வேண்டாம், கிணற்றுக் கட்டை உயர்த்திக் கட்டுங்கள்.

செய்யக்கூடியது எளிது. கிணற்றுக்கும் பயிருக்கும் எட்டமாக, வீட்டுக்கோடியில் இரண்டு முழ நீள அகலத்தில் மண்ணைக் கொத்தி, சல்லடையில் அரித்து, கொஞ்சம் சாம்பல் கலந்து விடுங்கள். மேலே நாலு கதியால் நட்டு இரண்டு கிடுகு போட்டால் மாரியிலும் காய்ந்திருக்கும். பூனை இருந்த கழிவில் சிறிது எடுத்து அங்கே புதைத்தால் மணம் பிடித்து வரும். நாள்தோறும் அள்ளி ஒன்றரை அடி ஆழத்தில் தாழுங்கள். மரக்கறிக்குப் போகும் கூட்டெருவில் போட வேண்டாம். நாற்றுமேடைக்கு மேல் கருக்குமட்டையை நெருக்கிக் கிடத்தினால் அங்கே பூனைக்குக் கால் வைக்க இடம் இராது. நாற்று எழும்பியதும் தூக்கிவிடலாம். கல்லெறிவதால் ஒரு பயனும் இல்லை; அது இரவில் வரும்.

பழகிய இடத்தை விட்டுத் திடீரென வீட்டுக்குள் இருக்கத் தொடங்கினால் அடிக்க முன்னர் அதன் உடம்பைப் பாருங்கள். கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது மலச்சிக்கல் அல்ல, சிறுநீர்க்குழாய் அடைப்பு. ஓரிரு நாளில் செத்துவிடும். அன்றே கால்நடை வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். சுவரிலும் கதவிலும் பின்புறம் திருப்பிப் பீச்சுவது வேறு. அது எல்லை குறிக்கும் கடுவனின் வேலை, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தால் பெரும்பாலும் குறையும்.

மீள்குடியேறிப் போகிறவர்கள் பூனையையும் கொண்டு போவதென்றால், புதிய வீட்டில் இரண்டு மூன்று கிழமை வெளியே விடாமல் வைத்திருங்கள். இல்லாவிட்டால் அது பழைய இடத்தைத் தேடிப் புறப்பட்டுவிடும். அதுவரை உடைந்த பேசின் ஒன்று போதும். பூனை இதுவரை போய்வந்த மண்ணிலேயே ஒரு கடகம் அள்ளிச் சாக்கில் கட்டி லொறியில் ஏற்றுங்கள். அதைப் பேசினில் கொட்டி வைத்தால், முதல்நாளே இடம் அறிந்துகொள்ளும்.