பட்டமளிக்கும் உரிமையும் தரச்சான்றும்

மகளையோ மகனையோ மேற்படிப்பில் சேர்ப்பதற்காக நிலத்தை அடமானம் வைத்துப் பணம் திரட்டும் தகப்பனார் ஒருவர், விளம்பரப் பலகையில் ‘அங்கீகாரம் பெற்றது’ என்றும் ‘ஏ பிளஸ் பிளஸ்’ என்றும் பொறித்திருப்பதைக் கண்டு, இரண்டும் ஒன்றே என்று எண்ணி மனநிம்மதியோடு வீடு திரும்புவாராயின், அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவற்றைப் பிரித்து விளக்கும் பொறுப்பைப் படித்தவர்களாகிய நாம்தாம் சரிவர நிறைவேற்றவில்லை.

பட்டம் வழங்கும் உரிமை சட்டத்திலிருந்து பிறப்பது. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் அமைந்த சர்வகலாசாலைகளும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த ஸ்தாபனங்களும் தவிர வேறெவரும் பட்டம் அளிக்க இயலாது. அவ்வுரிமை பெற்றவர்கள் அதை எவ்வளவு சிரத்தையோடு கையாள்கிறார்கள் என்பது வேறொரு கேள்வி. அதற்கு விடை காணவே, கல்லூரி வட்டாரங்களில் ‘நாக்’ என்று வழங்கும் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு 1994-இல் ஸ்தாபிக்கப்பட்டு, பெங்களூரிலிருந்து இயங்கி வருகிறது.

அதன் வழிமுறையில் என் மனத்தை மிகவும் கவர்வது முதற்படிதான். பிறர் வந்து சோதிக்குமுன், கலாசாலை தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, ஆசிரியப் பதவிகளில் எத்தனை நிரம்பியுள்ளன, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், தேறியவர் எவ்வளவு, படித்து வெளியேறியவர் எங்கே சென்றனர், நூலகத்துக்கு ஆண்டுதோறும் செலவழித்தது எவ்வளவு என்றெல்லாம் ஒளிவுமறைவின்றி எழுதித் தரவேண்டும். சுயமதிப்பீட்டு அறிக்கை எனப்படும் இது, இரவில் நாட்குறிப்பின்முன் அமர்ந்து ஒருவர் தம்மையே விசாரித்துக்கொள்வதற்கு நிகரான தார்மிகக் காரியம் என்றே கருதுகிறேன். 2017-இல் திருத்தியமைத்த முறைப்படி, ஏழு தலைப்புகளில் அமையும் அவ்விவரங்கள் சரிபார்க்கப்பட்டு, மாணவரின் கருத்தும் கேட்டறியப்பட்ட பின்னரே, பிற கலாசாலைப் பேராசிரியர்கள் அடங்கிய குழு நேரில் வந்து பார்த்து வந்தது. நான்கு புள்ளிக்கு 3.51-ம் அதற்கு மேலும் பெற்றால் ஏ பிளஸ் பிளஸ், 1.50-ஐத் தாண்டாவிட்டால் சான்றே இல்லை என்பது அம்முறையின் கணக்காக இருந்தது.

இந்த எண்ணுக்குப் பின்னால் பெரும் பிரயோஜனங்கள் உண்டு. 2018-இல் வந்த விதிகளின்படி, 3.51 பெற்ற சர்வகலாசாலை, மானியக் குழுவின் முன்னனுமதியின்றியே சொந்த நிதியில் புதிய பாடப்பிரிவுகளைத் தொடங்கலாம். இத்தகைய பலன் எங்குண்டோ அங்கே ஆசையும் புகுந்துவிடுகிறது. 2025 பிப்ரவரியில், ஆந்திரத்தில் ஒரு நிறுவனத்தைப் பார்வையிடச் சென்ற குழுவினர் சிலரை லஞ்சப் புகாரின்பேரில் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தபோது, ஆசிரியராக வாழ்ந்தோர் பலரும் வெட்கித் தலைகுனிந்திருப்பார்கள். சான்று உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைகளே போதும் என்று நாக் அதற்கு முந்தைய ஆண்டே அறிவித்தது நியாயமான முடிவு. எழுத்துகளைச் சேர்க்கும் போட்டி அதனால் தணியக்கூடும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நாக் மதிப்பிடுவது ஸ்தாபனம் முழுவதையும். ஆகவே சிறந்த தரம் பெற்ற கல்லூரியிலும் ஒரு துறை நலிந்திருக்கலாம். பொறியியலில் ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனித்தனியே ஆராய்ந்து சான்றளிப்பது தேசிய தரச்சான்று வாரியம். அவ்வாரியம் 2014-இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினராகச் சேர்ந்தபின், முதல்நிலை ஸ்தாபனங்களில் அது சான்றளித்த படிப்புகளை உடன்படிக்கை நாடுகளும் சமமாக மதிக்கின்றன.

சுயமதிப்பீட்டு அறிக்கையைக் கலாசாலையின் இணையதளத்திலேயே வெளியிட்டிருக்க வேண்டும். அந்தத் தகப்பனார் பணத்தைக் கட்டுமுன், மகளை அருகில் அமர்த்திக்கொண்டு, ஆசிரியர் எண்ணிக்கை குறித்த பக்கத்தை அவளையே உரக்கப் படிக்கச் சொல்லலாம்.