ஆற்றல் அழியாமை: பள்ளி அறிவியலை ஒன்றாக்கும் விதி

பத்தாம் வகுப்பு அறிவியலில் இயக்க விதிகள், வெப்ப இயற்பியல், மின்னோட்டவியல், அணுக்கரு இயற்பியல், வேதிவினைகள், தாவரச் செயலியல் எனப் பாடங்கள் தனித்தனியாக அமைந்துள்ளன. இதனால், தேர்வுக்கு முன் மீள்பார்வை செய்யும் மாணவர் ஒவ்வொன்றையும் வெவ்வேறு சுமையாகக் கருதி, வரையறைகளையும் வாய்பாடுகளையும் தனித்தனியே மனப்பாடம் செய்கிறார். ஆனால், இப்பாடங்களில் பெரும்பாலானவை ஒரே அடிப்படை விதியின் பல முகங்களே. ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது, ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்திற்கு மாற்ற மட்டுமே இயலும் என்னும் ஆற்றல் அழியாமை விதியே அது. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவருக்குப் பாடநூலின் பாதிப் பகுதி தானாகவே ஒழுங்குபடும்.

விசை, வேலை, ஆற்றல், திறன்

பேச்சு வழக்கில் ஒரே பொருளில் ஆளப்படும் இந்நான்கு சொற்களுக்கும் அறிவியலில் வெவ்வேறு பொருள் உண்டு. ஒரு பொருளைத் தள்ளுவதோ இழுப்பதோ விசை எனப்படும். அவ்விசையால் பொருள் விசையின் திசையில் நகர்ந்தால்தான் வேலை செய்யப்பட்டதாகக் கொள்ளப்படும். எனவே, அசையாத சுவரை ஒருவர் களைத்துப்போகும் வரை தள்ளினாலும், சுவரின் மீது அவர் செய்த வேலை சுழியே. வேலை செய்வதற்கான இயலுமை ஆற்றல். வேலை நடைபெறும் வீதம், அதாவது ஒரு நொடியில் செய்யப்படும் வேலையின் அளவு, திறன். ஆற்றலின் அலகு ஜூல், திறனின் அலகு வாட். 100 கிராம் நிறையுள்ள பொருளை ஒரு மீட்டர் உயரத்திற்குத் தூக்கத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு ஜூல் என்பதை மனத்தில் கொண்டால், இந்த அலகின் அளவு விளங்கும்.

மின்கட்டணச் சீட்டில் குறிக்கப்படும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கும்போது செலவாகும் ஆற்றலாகும். இதைக் கிலோவாட் மணி என்பர். இது 36 இலட்சம் ஜூலுக்குச் சமம். ஒரு டன் நிறையை 367 மீட்டர் உயரத்திற்குத் தூக்கப் போதுமான ஆற்றல் ஒரே ஒரு யூனிட்டில் அடங்கியுள்ளது. உயரத்தில் உள்ள பொருள் பெற்றிருக்கும் ஆற்றல் நிலை ஆற்றல் என்றும், ஓடும் பொருள் பெற்றிருக்கும் ஆற்றல் இயக்க ஆற்றல் என்றும் பெயர் பெறும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடிய வண்டி 80 கிலோமீட்டரில் ஓடும்போது அதன் ஆற்றல் இரண்டு மடங்காக அன்றி நான்கு மடங்காகப் பெருகுகிறது. நிறுத்துவதற்கு அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக்குகள் வெப்பமாக மாற்ற வேண்டியிருப்பதால்தான் அதிவேகம் அத்தனை ஆபத்தானதாகிறது.

விதி உருவான வரலாறு

வெப்பம் என்பது கண்ணுக்குப் புலப்படாத ஒரு பாய்மம் என்று 18ஆம் நூற்றாண்டில் அறிஞர் பலர் நம்பினர். மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய்கள் துளையிடப்படுவதை மேற்பார்வையிட்ட ரம்ஃபோர்டு பிரபு, துளையிடும் வரை வெப்பம் ஓயாமல் தோன்றிக்கொண்டே இருப்பதையும், அவ்வெப்பத்தால் நீர் கொதிப்பதையும் கண்டு, வரம்பின்றித் தோன்றும் ஒன்று பொருளாக இருக்க முடியாது, அது இயக்கத்தோடு தொடர்புடையதாகவே இருக்க வேண்டும் என்று 1798இல் எழுதினார். 1840இல் டச்சுக் கப்பலொன்றின் மருத்துவராக ஜாவாவுக்குச் சென்ற ஜெர்மானியர் ராபர்ட் மேயர், வெப்பமண்டலத்தில் மாலுமிகளின் சிரை இரத்தம் வழக்கத்தைவிடச் செந்நிறமாக இருப்பதைக் கவனித்தார். வெப்பமான சூழலில் உடலைச் சூடாக வைத்திருக்கக் குறைந்த உணவே எரிக்கப்படுவதால் ஆக்சிஜன் மிகுதியாக எஞ்சுகிறது என்று கருதிய அவர், அங்கிருந்து உணவு, வெப்பம், உழைப்பு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடாக மாறுவன என்னும் முடிவை எட்டி, 1842இல் வெளியிட்டார்.

அதே காலத்தில் இங்கிலாந்தில், மது வடிப்பாலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல், கீழிறங்கும் எடைகளால் நீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, நீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்கிறது என்பதைப் பெரும் பொறுமையுடன் அளந்தார். ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்த எப்போதும் ஒரே அளவு வேலையே தேவைப்படுகிறது என்பது அவருடைய ஆய்வுகளால் உறுதிப்பட்டது. இன்று அம்மதிப்பு ஏறத்தாழ 4.18 ஜூல் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. 1847இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இவ்விதிக்குப் பொதுவான கணித வடிவம் தந்தார். வாய்பாடாக இன்று சில நொடிகளில் எழுதப்படும் இவ்விதிக்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு உள்ளது.

வெப்பமும் நீரும்

30 பாகை வெப்பநிலையில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலையான 100 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2.9 இலட்சம் ஜூல் போதும். கொதிக்கும் அதே நீர் முழுவதையும் ஆவியாக்கவோ 22.6 இலட்சம் ஜூல் தேவை. இந்த இரண்டாம் கட்டத்தில் வெப்பநிலை சிறிதும் உயர்வதில்லை. மூலக்கூறுகளைப் பிரித்துவைக்கவே ஆற்றல் செலவாகிறது. வெப்பநிலைமானிக்குப் புலப்படாமல் உள்ளே தங்கும் இவ்வெப்பமே உள்ளுறை வெப்பம். நீராவி தோலில் பட்டுக் குளிரும்போது இந்த ஆற்றல் முழுவதும் திரும்ப வெளிப்படுவதால், கொதிநீரைவிட நீராவி கடுமையாகச் சுடுகிறது. நீர் கொதிக்கத் தொடங்கிய பின் அடுப்பை முழு வேகத்தில் எரியவிட்டாலும் திறந்த பாத்திரத்தில் வெப்பநிலை கூடாது, நீர் ஆவியாவதே விரைவுபடும் என்பதும் இதிலிருந்தே பெறப்படும்.

மின்நிலையத்திலிருந்து வீடு வரை

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிந்து நீரை ஆவியாக்குகிறது. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுக்கருப் பிளவின் வெப்பம் அதே வேலையைச் செய்கிறது. மேட்டூரில் உயரத்தில் தேங்கிய நீரின் நிலை ஆற்றலும், முப்பந்தலில் காற்றின் இயக்க ஆற்றலும் நேரடியாகவே சுழலியைச் சுற்றுகின்றன. தொடக்கம் எதுவாயினும், இறுதியில் சுழலி மின்னியற்றியை இயக்குகிறது. மாறும் காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் என்னும் லென்ஸ் விதியைப் பல மாணவர் பொருளறியாமல் ஒப்பிக்கின்றனர். ஊர் முழுவதும் மின்விளக்குகள் எரியத் தொடங்கும்போது மின்னியற்றியைச் சுற்றுவது கடினமாகிறது, அதனால் கூடுதல் ஆவியோ நீரோ தேவைப்படுகிறது என்பதே அதன் பொருள். விலையின்றி மின்சாரம் தோன்றாது என்று இயற்கை விதித்த கட்டுப்பாடாகிய அவ்விதி, ஆற்றல் அழியாமையின் மற்றொரு வடிவமே.

கம்பியில் மின்னோட்டம் பாயும்போது வெப்பமாக இழக்கப்படும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைகிறது. எனவே, மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே திறனைப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தால் அனுப்ப முடியும். இழப்போ நூறில் ஒரு பங்காகக் குறையும். இதற்காகவே மின்மாற்றிகள் மின்னழுத்தத்தைத் தொலைதூரப் பாதைகளில் 7,65,000 வோல்ட் வரை உயர்த்தி, வீட்டிற்கு வரும் முன் 230 வோல்ட்டாகக் குறைக்கின்றன.

உயிரினங்களிலும் அதே கணக்கு

தாவரத்தின் பசுங்கணிகம் சூரிய ஒளியின் ஆற்றலைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் குளுக்கோசாக மாற்றி ஆக்சிஜனை வெளியிடுகிறது. உயிரணுக்களில் நடைபெறும் சுவாசித்தலில் குளுக்கோஸ் ஆக்சிஜனுடன் சேர்ந்து மீண்டும் அவ்விரு பொருள்களாகி, ஆற்றலை ஏடிபி எனப்படும் மூலக்கூறுகளிடமும் வெப்பமாகவும் ஒப்படைக்கிறது. பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்று பலர் எழுதுவது பிழை. பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகும், புதிய பிணைப்பு உருவாகும்போதே ஆற்றல் வெளிப்படும், பின்னது முன்னதைவிட மிகுதியாக இருந்தால் அவ்வினை வெப்ப உமிழ்வினை ஆகும். நாள்தோறும் 2,000 கிலோகலோரி உணவு உண்பவரின் உடல் சராசரியாக நொடிக்கு ஏறத்தாழ 97 ஜூல் ஆற்றலைப் பயன்படுத்துகிறது; அதாவது, அவர் 100 வாட் பழைய குமிழ் விளக்கொன்றுக்கு நிகரான வெப்பத்தை ஓயாது வெளியிட்டுக்கொண்டிருக்கிறார். உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு நிலையிலும் ஏறத்தாழ பத்து விழுக்காடு ஆற்றலே அடுத்த நிலைக்குச் செல்கிறது என்னும் லிண்ட்மேனின் விதியும் இந்தக் கணக்கைச் சேர்ந்ததே.

சூரிய ஆற்றலின் தோற்றுவாய் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாவதாகும். அப்போது குறையும் சிறு நிறையே ஆற்றலாகிறது. நிறையும் ஆற்றலின் ஒரு வடிவமே என்று 1905இல் ஐன்ஸ்டைன் நிறுவிய தொடர்பின்படி, ஒரு கிராம் நிறை முழுவதும் ஆற்றலாக மாறினால் 2.5 கோடி யூனிட் கிடைக்கும். இங்கும் விதி மீறப்படவில்லை, அதன் எல்லை விரிந்தது.

அழியாததை ஏன் சேமிக்க வேண்டும்?

ஆற்றல் அழிவதில்லை என்றால் அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்வது ஏன் என்று சிந்திக்கும் மாணவர் கேட்பார். அது மிக நல்ல கேள்வி. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆற்றலின் ஒரு பகுதி சுற்றுப்புறத்தில் வெப்பமாகப் பரவிவிடுகிறது. அது அழியவில்லை என்றாலும், அதைத் திரட்டி மீண்டும் முழுமையாக வேலை வாங்க இயலாது. வழக்கமான அனல்மின் நிலையத்தில் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. ஆகவே, சேமிப்பது என்பது பயன்தரும் வடிவத்தில் உள்ள ஆற்றலைக் காப்பதே.

மாணவர்கள் எந்தப் பாடத்தை மீள்பார்வை செய்தாலும் மூன்று கேள்விகளை முன்வைக்க வேண்டும்: இங்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது, எந்த வடிவத்திற்கு மாறியது, எவ்வளவு வெப்பமாகப் பரவியது? மின்விசிறி, மிதிவண்டி, வயல், அடுப்பு என எதற்கும் இக்கேள்விகளுக்கு விடை எழுதிப் பார்ப்பவருக்கு வாய்பாடுகள் பொருளோடு நினைவில் நிற்கும். ஆசிரியர்களும் மீள்பார்வை வகுப்புகளில் பாட வரிசையைச் சிலநாள் ஒதுக்கிவைத்து, இத்தகைய மையக் கருத்துகளின் வழியே பாடங்களை இணைத்துக் காட்ட முன்வர வேண்டும். தேர்வு முடிந்ததும் மறந்துபோகும் அறிவியலுக்கும், வாழ்நாள் முழுவதும் உடன்வரும் அறிவியலுக்கும் உள்ள வேறுபாடு அந்த இணைப்பில்தான் இருக்கிறது.